மொத்தி என்ற சொல்லுக்குச் சான்று

ஜனவரி 9

அண்ணா,

உறையின் மேல் இருக்கும் கையெழுத்தைப் பார்த்து யாரோ என்று நினைத்திருப்பாய். நான்தான். மணிக்கட்டு எலும்பு கோணலாகச் சேர்ந்ததால் எழுத்தும் கோணிவிட்டது. உனக்கு இனிமேல் எழுதுவதே இல்லை என்று இரண்டு வருடம் இருந்தேன். இப்போதும் கோபம் தீர்ந்து எழுதவில்லை. வேலைக்காக எழுதுகிறேன்.

இங்கே ஒரு அகராதி அலுவலகத்தில் சேர்ந்திருக்கிறேன். நீளமான கூடம், சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள், ஒவ்வொன்றிலும் சொல் எழுதிய சீட்டுகள். எட்டுப் பேர் வேலை செய்கிறோம். 'ம' வரிசை முழுக்க என் தலையில். இப்போது 'மொ'வில் நிற்கிறேன்.

அங்கே வந்ததும் நம் வீட்டு மொத்தி ஞாபகம் வந்தது. வாயில் நாடா கோத்து இழுத்துக் கட்டுகிற சின்னத் துணிப்பை. நம் வீட்டில் சாவி வைத்தாலும் மொத்தி, சோப்பு வைத்தாலும் மொத்தி. 'பென்சில் மொத்தியைக் காணோம்' என்று நான் வகுப்பில் அழுதபோது டீச்சருக்குப் புரியவே இல்லை. எங்கள் தலைமைத் தொகுப்பாளர் இந்தப் பொருளில் அந்தச் சொல்லை எங்கேயும் பார்த்ததில்லையாம். புடைத்துக்கொண்டு மொத்தையாக இருப்பதால் வந்த பெயராக இருக்கும் என்கிறார். எனக்கு அது ஒப்பவில்லை.

எந்தப் புத்தகத்திலும் இல்லாத சொல் உள்ளே வர வேண்டுமானால் மூன்று பேர் கையால் எழுதிய சான்று வேண்டும். அம்மா சாவதற்கு முன் எனக்கு எழுதிய கடிதம் ஒன்று. பெரியம்மா மகள் எழுதிய சீட்டு இரண்டாவது. மூன்றாவது நீ. யார் வைத்த பெயர், எப்படி வந்தது, கடைசியாக எப்போது அந்தச் சொல்லைச் சொன்னாய், எல்லாவற்றையும் உன் பாஷையில் எழுது. மேடைப் பேச்சு வேண்டாம். கீழே இருக்கும் அலுவலக முகவரிக்கே அனுப்பு.

அண்ணியையும் பெண்களையும் கேட்டதாகச் சொல். உன்னைக் கேட்கவில்லை.

தங்கை


ஜனவரி 20

தங்கச்சிக்கு,

ரெண்டு வருஷம் கழித்துத் தபால் வந்தால் யாருக்கு என்ன ஆச்சோ என்றுதானே தோன்றும்? அண்ணி அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்து பிரித்தாள். பார்த்தால் பைக்குப் பேர் வைத்தது யார் என்று கேட்டிருக்கிறாய்! உன்னை என்ன சொல்ல? திட்டவாவது எழுதினாயே, அது போதும்.

மொத்தையும் இல்லை, சொத்தையும் இல்லை. உன் பெரிய மனுஷரிடம் சொல். நீ அப்போது தவழ்கிற பிள்ளை. எனக்கு ஒன்பது வயசு. மில் குடியிருப்பில் ஒரே அறை. அப்பா அன்றைக்கு ஷிப்டு முடியாமலே வந்தார். ஏன் என்று அம்மா கேட்டது தப்பாகிவிட்டது. கழுத்தைப் பிடித்துச் சுவரோடு வைத்துத் தூக்கினார். அம்மாவின் கால் தரையில் இல்லை. முகம் கறுத்துப்போனது. கதவுப் பூட்டு அந்தச் சின்னப் பைக்குள் இருந்தது, உள்ளங்கை அகல இரும்புப் பூட்டு. நாடாவைப் பிடித்துச் சுழற்றி அம்மா ஒரே போடு. தாடை இறங்கிவிட்டது. ரெண்டு பல் தரையில் உருண்டன. ஒன்றை நீ எடுத்து வாயில் வைக்கப் போனாய், நான் பிடுங்கி எறிந்தேன். அக்கம்பக்கம் கூடி 'என்னாச்சு, யார் அடிச்சது'ன்னு கேட்டபோது, 'நான்தான் மொத்தினேன், இப்ப என்ன?' என்றாள் அம்மா. அன்றைக்கு விழுந்த பேர்தான் மொத்தி. இதை எழுதிக்கொள்.

கடைசியாக எப்போது சொன்னாய் என்று கேட்டிருக்கிறாயே, அதையும் சொல்கிறேன். டிசம்பர் 16, செவ்வாய்க்கிழமை, மத்தியானம் ஒன்றேகால் மணி.

அதற்கு முந்தின வாரம் டீக்கடையில் உன் வீட்டுக்காரனைப் பார்த்தேன். கூட நாலு பேர். என்னைப் பார்த்துவிட்டுச் சத்தமாகச் சொன்னான்: "இவரு தங்கச்சி கை இருக்கே, பிடிச்சு முறுக்கினா பிஸ்கட் மாதிரி உடையும்." நாலு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், தங்கச்சி. அதுதான் எனக்கு ஆறவில்லை. பட்டறைக்கு வந்து லேத்தில் நின்றால் வேலை ஓடவில்லை. மிஞ்சிக் கிடந்த கேன்வாஸில் பை ஒன்று தைத்தேன். முக்கால் இஞ்ச் நட்டு எட்டு போட்டு வாயை இறுக்கிக் கட்டினேன்.

அவன் வேலை செய்கிற பழைய இரும்பு யார்டில் ஒரு மணிக்கு எல்லோரும் சாப்பிடப் போய்விடுவார்கள். எடைமேடைக்குப் பின்னால் அவன் மட்டும் சிகரெட் பிடிக்க வருவான். பின்னால் போய்ச் சாக்கைத் தலையில் கவிழ்த்தேன். முதல் அடி வலது முட்டியில். தேங்காய் உடைகிற சத்தம். விழுந்த பிறகு இன்னொரு முட்டி. அப்புறம் கை, அதே மணிக்கட்டு. அப்புறம் சாக்கின் மேலேயே வாய் இருக்கிற இடத்தில். ஒவ்வொரு அடிக்கும் 'மொத்தி, மொத்தி' என்று என் வாய்க்குள்ளேயே வந்துகொண்டிருந்தது, அவன் காதில் விழாமல். சாக்கு நனைகிற வரைக்கும் விடவில்லை. இனி அவன் கைத்தடி இல்லாமல் நடக்க மாட்டான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம்.

பயப்படாதே. அவன் என்னைப் பார்க்கவில்லை. முந்தின நாள் அவனோடு கட்டிப் புரண்ட கிரேன்காரர்தான் அடித்தார் என்று அவனே வாக்குமூலம் கொடுத்துவிட்டான். போலீஸ் அந்த ஆளைக் கொண்டுபோய் ஒரு மாசம் ஆகிறது. என் பக்கம் ஒரு ஈ காக்கா திரும்பவில்லை.

உன் கைக்குக் கணக்குத் தீர்த்துவிட்டேன். இப்போதாவது பேசு.

அண்ணன்


ஜனவரி 30

அண்ணா,

என்ன காரியம் செய்து வைத்தாய்! நான் என்ன காரியம் செய்து வைத்தேன்!

இங்கே ஒரு விதி உண்டு. சொந்த வீட்டுச் சொல்லுக்கு வருகிற சான்றுக் கடிதத்தை, சொல்லைக் கொண்டுவந்தவர் பிரிக்கக் கூடாது. தனக்கு வேண்டியபடி வரும்வரை அவரே திரும்பத் திரும்ப எழுதி வாங்கிவிடுவார் என்று பயம். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் தலைமைத் தொகுப்பாளர் எல்லோர் முன்னாலும் உறையைக் கிழித்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாய்விட்டுப் படிப்பார். எழுதுகிறவருக்கு அது தெரியவும் கூடாது. தெரிந்தால் ஜாக்கிரதையாக எழுதுவார், பேச்சு செத்துப்போகும். அதனால்தான் உனக்குச் சொல்லவில்லை. அண்ணன் பைக்குப் பேர் வந்த கதையைத்தானே எழுதப் போகிறான் என்று நினைத்துவிட்டேன்.

அவர் படித்தார். அப்பாவின் பல் உருண்ட இடத்தில் எல்லோரும் 'ச்சு' கொட்டினார்கள். "சுவரோடு தொங்குகிற அம்மாவுக்குக் கையை வீச எப்படி இடம் கிடைத்தது?" என்று அவர் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டார். அவர் பழக்கம் அது. பிறகு டிசம்பர் 16 வந்தது. அடுத்த வரியிலேயே "ஐயா, போதும்" என்றேன். அவர் காதில் விழவில்லை. சாக்கு நனைந்தது வரை படித்தார், கிரேன்காரரைப் படித்தார், 'இப்போதாவது பேசு' என்பதையும் படித்துவிட்டுத்தான் கண்ணாடியைக் கழற்றினார். ஏழு பேர் என்னைப் பார்த்தார்கள். எதிர் மேசைப் பெண் எழுந்து போய் வாந்தி எடுத்தாள்.

அவர் கடிதத்தை மடித்து இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார். "எழுதினவரே போயி ஒத்துக்கட்டும்மா. ஒரு மாசம் பார்ப்போம். அதுக்கு மேல இதை வெச்சுக்கிட்டு என்னால தூங்க முடியாது" என்றார். மற்றவர்களும் அதுவரை வாய் திறப்பதில்லை என்று ஒத்துக்கொண்டார்கள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். உன்னை வாய் திறக்க வைத்தவள் நான். அதற்கு உன் காலில் விழுகிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன், அந்தக் கிரேன்காரர் என்ன பாவம் செய்தார்? அவரைப் பற்றி இரண்டு வரி எழுதினாயே, அந்த இரண்டு வரியை எழுதும்போது உன் கை நிற்கவில்லையா?

நீயே போய்ச் சொல்லிவிடு, அண்ணா.

தங்கை


பிப்ரவரி 6

நல்லா இருக்கிறது உன் நியாயம். ஊரைக் கூட்டி என் கழுத்தை அறுத்துவிட்டு, காலில் விழுகிறேன் என்றும் எழுதுகிறாய்.

யாருக்காக அடித்தேன்? எனக்கும் அவனுக்கும் வாய்க்கால் வரப்புத் தகராறா? உன் கைக்காக அடித்தேன். இன்றைக்கு அந்தக் கையாலேயே என்னை உள்ளே போகச் சொல்லி எழுதுகிறாய். பெரியவளுக்கு மார்ச்சில் பரீட்சை. சின்னவள் பட்டறைச் சைரன் கேட்டால் வாசலுக்கு ஓடி வந்து நிற்பாள். நான் உள்ளே போனால் இவர்களை உன் அகராதி பார்த்துக்கொள்ளுமா?

கிரேன்காரர் யோக்கியர் இல்லை. முந்தின நாள் உன் வீட்டுக்காரன் சட்டையைப் பிடித்தவர்தான். இன்னும் நாலு நாள் வைத்துவிட்டு விடுவார்கள்.

அந்தக் கடிதத்தை எப்படியாவது எடு. கிழி, கொளுத்து, மென்று முழுங்கு, என்னவோ செய். செய்துவிட்டேன் என்று ஒரு வரி எழுது. இல்லையென்றால் எனக்குத் தங்கை ஒருத்தி இருந்தாள், செத்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்கிறேன்.


பிப்ரவரி 14

அண்ணா,

செத்தவள் எழுதுகிறேன்.

'உனக்காக அடித்தேன்' என்று இன்னொரு தடவை சொல்லாதே. மணிக்கட்டு தொங்க உன் வீட்டு வாசலில் வந்து நின்றேனே, அன்றைக்கு என்ன செய்தாய்? துண்டால் கையைக் கட்டினாய். தண்ணீர் கொடுத்தாய். "எல்லா வீட்லயும் நடக்கிறதுதான், பொறுத்துப் போம்மா" என்று சொல்லிப் பைக்கில் ஏற்றி, அவன் வாசலிலேயே இறக்கிவிட்டாய். அவன் உனக்கு டீ கொடுத்தான், குடித்தாய். நீ தெருமுனை திரும்பியதும் அவன் என்ன செய்தான் தெரியுமா? கட்டை அவிழ்த்தான். அதே கையைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினான். டாக்டர் நேராகச் சேர்க்க முடியாமல் போனது அந்த இரண்டாவது உடைப்பைத்தான். நான்கு நாள் கழித்து, அவன் குளிக்கப் போன நேரம் பார்த்து, மாற்றுத் துணிகூட இல்லாமல் வெளியே வந்தேன். யாரும் எனக்காக யாரையும் அடிக்கவில்லை. நானே நடந்து வந்தேன்.

இப்போது அவன் முட்டி உடைந்ததால் என் கை நிமிர்ந்துவிட்டதா? செய்தியைக் கேட்டதும் ஒரு நிமிடம் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். அடுத்த நிமிடம் அந்தச் சாக்குக்குள் நானே இருப்பது போல மூச்சு முட்டியது.

போன திங்கட்கிழமை உங்கள் ஊருக்கு வந்தேன். உன் தெருமுனை வரை வந்து திரும்பிவிட்டேன். கிரேன்காரரின் மனைவியைப் பார்த்தேன். தினமும் காலையில் ஜெயில் வாசலில் நிற்கிறாளாம். அவருக்கு வலது கையில் மூன்று விரலில் நகம் இல்லை என்றாள். போலீஸ் ஸ்டேஷனில் கட்டிங் பிளையர் வைத்துப் பிடுங்கியிருக்கிறார்கள். மூன்றாவது நகத்துக்கு ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டார். "கிரேன் லிவரைப் பிடிக்கிற கை அது, இனி சோறுகூட நான்தான் ஊட்டி விடணும் போல" என்றாள். நான் யார் என்று கேட்டாள். சொந்தக்காரரைப் பார்க்க வந்தேன் என்று சொல்லிவிட்டேன். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

முந்தின நாள் எதற்காகச் சட்டையைப் பிடித்தாராம் தெரியுமா? யார்டில் ஒரு பெண்ணை உன் மச்சான் கை நீட்டி அடித்ததற்காக. நீயும் நானும் செய்யாததை அந்த மனுஷன் செய்திருக்கிறார்.

மாசம் முடிய இரண்டு வாரம் இருக்கிறது.

தங்கை


பிப்ரவரி 23

கதவிடுக்கு விஷயம் எனக்குத் தெரியாது. தெரியாது, தெரியாது. உன் கடிதத்தைப் படித்துவிட்டு லேத்தில் நின்றேன், கை நழுவி விரல் நுனி சீவிக்கொண்டது. நல்லா வேணும்.

நேற்றுப் போனேன். நம்பினால் நம்பு. காலையில் சட்டையை மாற்றிக்கொண்டு, ஸ்டேஷனுக்கு நேராகப் போய் இன்ஸ்பெக்டர் முன்னால் நின்றேன். "எடைமேடைக் கேஸ்ல அடிச்சது நான்தாங்க" என்றேன். அவர் தட்டச்சு செய்கிறவரைப் பார்த்தார். ரெண்டு பேரும் சிரித்தார்கள்.

"கிரேன்காரன் உனக்கு என்ன வேணும்?" என்றார்.

"ஒண்ணும் வேணாங்க. அடிச்சது நான்."

"எதால அடிச்ச?"

"பைங்க. நட்டு போட்ட பை."

"எங்க அது?"

ஆற்றில் போட்டுவிட்டேன் என்றேன். அவர் எழுந்து வந்தார். பளார் என்று ஒன்று விட்டார். காதில் இன்னும் ரீங்காரம் நிற்கவில்லை. "கேஸ் முடிஞ்சு, கையெழுத்து வாங்கி, கோர்ட்டுக்குப் போயாச்சு. இனி புதுசா ஒருத்தன் வந்தா அந்தக் கையெழுத்தை நாங்க எப்படி வாங்கினோம்னு கோர்ட்ல கேப்பாங்க. போ. பொண்டாட்டி பிள்ளையோட இரு. மறுபடியும் இந்தப் பக்கம் பார்த்தேன், கஞ்சா கேஸ்ல உள்ள போவ" என்று கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார்.

நான் என்ன செய்ய? போகச் சொன்னாய், போனேன். ஒத்துக்கொண்டேன், அடியும் வாங்கினேன். அவர்களே வேண்டாம் என்கிறார்கள். விதி என்று விட்டுவிடு. படியில் இறங்கும்போது மனசுக்குள் லேசாக இருந்தது. அதையும் மறைக்கவில்லை.

இத்தோடு விடலாம், தங்கச்சி.

அண்ணன்


மார்ச் 1

அண்ணா,

விட முடியாது.

உன் கடிதத்தைத் தலைமைத் தொகுப்பாளரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு அலமாரியைத் திறந்தார். ஜனவரிக் கடிதத்தை எடுத்து என் கையில் வைத்தார். "இதுல இருக்கிறது இனிமே சொல்லுக்குச் சான்று இல்லம்மா, ஆளுக்குச் சான்று" என்றார். அம்மாவின் கடிதத்தையும் பெரியம்மா மகளின் சீட்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். நம் வீட்டுச் சொல் அகராதியில் வராது. போகட்டும்.

கிரேன்காரரின் வக்கீலோடு பேசினேன். வியாழக்கிழமை கோர்ட்டில் விசாரணை. அடித்த நேரம், இடம், சாக்கு, மூட்டு, மணிக்கட்டு என்று எல்லாமே ஆஸ்பத்திரிச் சான்றிதழோடு வரிக்கு வரி பொருந்துகிறதாம். ஆனால் கையெழுத்து யாருடையது என்று தெரிந்த ஒருவர் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும் என்கிறார். நான் ஏறுகிறேன். இது என் கூடப் பிறந்த அண்ணன் எழுதியது என்று சொல்லப் போகிறேன்.

உன்னைப் பொறுத்துப் போ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெண்களை நான் பார்த்துக்கொள்கிறேன். அண்ணி என் முகத்தில் காறித் துப்பினாலும் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன். இரவெல்லாம் அழுதுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன், அதனால் மனசு மாறும் என்று காத்திருக்காதே.

வியாழன் காலை பத்து மணி.

தங்கை


மார்ச் 3

தங்கச்சி,

இது வியாழனுக்கு முன் உனக்குக் கிடைக்க வேண்டும் என்று பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஓடிப்போகத்தான் பையில் துணி அடுக்கினேன். அண்ணி பார்த்துவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். கையில் இருந்த கரண்டியாலேயே தலை, தோள் என்று பார்க்காமல் விளாசினாள். பிறகு தரையில் உட்கார்ந்து அழுதாள். பிறகு, "நீங்க ஓடினா அந்தப் பொம்பளை மாதிரி நான் யாரு வாசல்ல போயி நிக்கிறது? இருந்தீங்கன்னா ஜெயில் வாசல்னாவது தெரியும்" என்றாள். துணியை எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தாள்.

உன் பெரிய மனுஷர் பென்சிலால் ஒரு கேள்வி குறித்தார் என்று எழுதியிருந்தாயே. அவருக்குப் பதில் சொல்லிவிடு. அம்மா அடிக்கவில்லை. தொங்குகிறவளால் எப்படி அடிக்க முடியும்? அடித்தது நான். பூட்டுப் பையை எடுத்து ஸ்டூல் மேல் ஏறிச் சுழற்றியது நான். அப்பா விழுந்ததும் கட்டிலுக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டேன். ஜனம் கூடியதும் அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், 'நான்தான் மொத்தினேன்' என்றாள். தாடையில் கட்டோடு அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார். மூன்று நாள் பெல்ட்டின் பக்கிள் முனையால் அடித்தார். அம்மாவுக்கு இடது காது கேட்காது என்று உனக்குத் தெரியும். ஏன் என்று தெரியாது. மூன்று நாளும் நான் அதே கட்டிலுக்கு அடியில் இருந்தேன். 'நான்தான்' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கப்புறம் அம்மா அந்தப் பையைக் காட்டி, 'மொத்தி, மொத்தி' என்று சொல்லி என்னைச் சிரிக்க வைப்பாள். நான் பயந்துவிடக் கூடாதாம். நீ அதைக் கேட்டுத்தான் எல்லாப் பையையும் மொத்தி என்று சொல்லப் பழகினாய். அந்தச் சொல் வந்த வழி இதுதான். ஜனவரியில் எழுதும்போதும் அம்மா பெயரையே போட்டேன். முப்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லி எனக்கே அது பழகிவிட்டது.

அம்மா என் பழியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கிரேன்காரர் கேட்கவில்லை.

வியாழக்கிழமை நீ எட்டு மணி பஸ்ஸில் வா. கோர்ட் வாசலில் புங்க மரத்துக்குப் பக்கத்தில் நிற்பேன். அண்ணியும் வருவாள், அவளோடு இப்போது பேச்சுக் கொடுக்காதே. கடிதத்தை நீ வக்கீலிடம் கொடு. ஆனால் கூண்டில் ஏறாதே. கையெழுத்து யாருடையது என்று ஜட்ஜ் கேட்பார் இல்லையா, அப்போது நீ எழுந்திருக்காதே. நான் எழுந்து சொல்கிறேன்.

அண்ணன்